வியன்னாவுக்குக் கிளம்பும் பிரிக்பீல்ட்ஸ்

கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிர்காலம் கிடையாது. குளிர்கால விடுமுறை மட்டும் உண்டு. இங்கே பருவங்கள் இரண்டே: வெள்ளம் ஏறாத மழை, வெள்ளம் ஏறும் மழை. இருந்தும், 2026 முதல் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரிக்கே திரும்பியதும் டிசம்பர் மாதம் முழுசாகக் கைக்கு வந்தது. வந்த மாதத்தை அப்படியே ஐரோப்பாவிடம் ஒப்படைப்பது என்று பல வீடுகளில் தீர்மானமும் ஆயிற்று. மட்டா சுற்றுலாக் கண்காட்சிக்கு ஒரு நடை போய் வந்தால் போதும், கம்பளிக் குல்லாய் வாங்குகிற அளவுக்கு வீட்டில் குளிர் ஏறிவிடும். கீழே வருவது அப்படிக் குளிர் ஏறிய ஒரு வீட்டுப் பேச்சு. ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவில் இருபத்தோராவது மாடியில் வசிக்கும் மாப்பிள்ளை. எதிரே மடிக்கணினி, அதில் பத்து நாள் பயணம், நாளுக்கொரு நிறம். மற்றவர் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ஏறி வந்த மாமனார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கையில் வடைப் பொட்டலம். மாமனார்–மாப்பிள்ளை முறை என்பதால் குரல் உயர வழியில்லை. வாதம் மட்டும் உயர்ந்தது.

மாப்பிள்ளை: வாங்க மாமா, பசியாறிட்டீங்களா? இதைப் பாருங்க, எல்லாம் முடிவாயிடுச்சு. வியன்னா, பத்து நாள். மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகள்ல விசாவே வேணாம், 90 நாள் வரைக்கும் இருக்கலாம். 2025 அக்டோபர்ல புது முறை ஒண்ணு தொடங்கியிருக்காங்க, எல்லையில முகத்தைப் படம் எடுத்துக் கைரேகை பதிஞ்சுக்குவாங்க, அவ்வளவுதான். பணத்துக்கும் வழி இருக்கு. சேமநிதியில 2024 மே மாசம் மூணாவது கணக்குன்னு ஒண்ணு திறந்தாங்களே, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னு, அதுல கொஞ்சம் வெள்ளி சும்மா தூங்குது. முதல் நாள் ஷோன்புருன் அரண்மனை, 1,441 அறை. ரெண்டாம் நாள் ஸ்டெஃபான் தேவாலயம். மூணாம் நாள் ரிங் சாலை முழுக்க நடை, அஞ்சு கிலோமீட்டருக்கு மேல. நாலாம் நாள் கிறிஸ்துமஸ் சந்தை. பிள்ளைங்க பனியும் பார்க்கும், வரலாறும் பார்க்கும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

மாமனார்: நம்ம பாட்டன் கைநாட்டு வெச்சுட்டு இந்த நாட்டுக்குள்ள வந்தான், பேரன் கைரேகை வெச்சுட்டு வியன்னாவுக்குள்ள போறான். முன்னேற்றம்தான், இல்லேங்கல. மூணாவது கணக்கைப் பத்தியும் நான் வாய் திறக்க மாட்டேன். அவசரத்துக்குன்னு திறந்த கணக்கு. பனி உருகறதுக்குள்ள பார்க்கணும்ங்கறதும் ஒரு அவசரம்தானே. ஆனா அந்த ரெண்டு மாங்காயும் ஒரே மரத்துல காய்க்கிறதில்ல மாப்பிள்ளை. பனி வேணும்னா மலைக்குப் போகணும். டான்யூப் கரை ஊர்ல டிசம்பர்னா பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல, சாம்பல் வானம், தூறல். சாயங்காலம் நாலு மணிக்கு மேல வெளிச்சம் கிடையாது. 24-ஆம் தேதி மத்தியானம் கடையைச் சாத்தினா 25, 26 ரெண்டு நாளும் விடுமுறை. இருக்கிற கொஞ்ச வெளிச்சத்துல வரலாறு பார்க்கணும்னா, எதைப் பார்க்கப் போறோம்னு கிளம்பறதுக்கு முன்னாடியே தெரியணும். அதனால கேக்கறேன், அங்க பழசுன்னு நீங்க பார்க்கப் போறது எதை?

மாப்பிள்ளை: பழசுன்னா பழசுதான் மாமா, இதுல என்ன இருக்கு? நூத்துக்கணக்கான வருஷமா அப்படியே நிக்கிற ஊர். நாம இங்க முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் தரைமட்டமாக்கிட்டு மறுபடி கட்டறோம். அவங்க ஊர்ல வெச்ச கல் வெச்ச இடத்துலயே இருக்கு. அதெல்லாம் ரத்தத்துல வர்றது. பழைய நாகரிகம், அது பாட்டுக்கு நிக்கும்.

மாமனார்: அது பாட்டுக்கு நிக்கிறது ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான், களை. உங்க ரெண்டாம் நாள் ஸ்டெஃபான் தேவாலயத்தையே எடுத்துக்குங்க. பிள்ளைங்க அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கப் போற கூரை 1945 ஏப்ரல்ல எரிஞ்சு விழுந்த கூரை. பெரிய மணியும் கீழ விழுந்து உடைஞ்சது. போர்ல தோத்து, நாலு நாட்டுப் படை ஊரைப் பங்கு போட்டு உக்காந்திருந்த நேரம், சோத்துக்கே வழியில்ல. அப்பவும் மாநிலத்துக்கு ஒரு பொறுப்புன்னு எடுத்துக்கிட்டாங்க. ஒரு மாநிலம் மணி வார்த்துக் கொடுத்தது, ஒண்ணு தரைக்கல், ஒண்ணு ஜன்னல், ஒண்ணு பெஞ்சு. 1952-ல கோயிலை மறுபடி திறந்தாங்க. கூரையில மட்டும் வண்ண மெருகு போட்ட ஓடு ஏறக்குறைய 2,30,000. எண்ணூறு வருஷக் கோயில்னு நீங்க தலைப்புப் போடப் போற படத்துல, கூரைக்கு நம்ம சுதந்திரத்தை விடக் கொஞ்ச வயசுதான் கூட. பழசா இருக்கணும்னு ஒரு ஊர் தீர்மானம் பண்ணி, அதுக்குக் காசும் போட்டா, அது பழசா இருக்கும். இல்லேன்னா வயசு ஆகும், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை: தேவாலயம்னா யாரும் கை கொடுப்பாங்க மாமா. சாமி காரியம். நம்ம ஊர்லயும் கோயில்னா உண்டியல் நிறையும். சாதாரணத் தெருவுக்கு யார் கொடுப்பாங்க?

மாமனார்: உங்க நாலாம் நாளுக்கு வாங்க. சந்தைன்னு பொதுவா போட்டிருக்கீங்க. எந்தச் சந்தை? நகராட்சி மண்டபத்து எதிர்ல இருக்கிறது பெருசு. ஆனா ஏழாவது வட்டாரத்துல ஸ்பிட்டல்பெர்க்னு ஒரு இடம் இருக்கு. கையை விரிச்சா ரெண்டு பக்கச் சுவரும் கிட்ட வர்ற மாதிரிச் சந்து, கால்ல கருங்கல் பாவு, ரெண்டு பக்கமும் பழைய வீடு, நடுவுல பலகைக் கடைங்க. சூடான பானத்தைக் குவளையில கொடுத்து, குவளைக்கு முன்பணம் வாங்கிக்குவாங்க. திருப்பிக் கொடுத்தா காசு திரும்பும். அவ்வளவு அழகா இருக்கிற அந்தச் சந்துங்க 1970-கள்ல இடிபடறதா இருந்தது. ஒழுகற கூரை, தண்ணிக் குழாய் கிடையாது, இடிச்சுட்டுப் புதுசா கட்டலாம்னாங்க. 1975-ல ஊர் இளவட்டங்க அமெர்லிங் வீடுங்கற பழைய வீட்டுக்குள்ள புகுந்து, வெளிய வர மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. மூணு வருஷத்துல அதே வீடு பண்பாட்டு மையமாச்சு. அதுக்கு முன்னாடியே, 1972-ல, தனித்தனிக் கட்டடத்தை இல்ல, தெருவோட தோற்றத்தையே காப்பாத்தறதுக்கு வியன்னா நகரம் சட்டம் கொண்டுவந்து நிதியும் ஒதுக்கினது. அந்தச் சந்துல சாமியும் இல்ல, ராஜாவும் இல்ல. கைவினைக்காரங்க, கூத்தாடிங்க, சாராயக்கடை, அதுக்கு மேல மரியாதைப்பட்டவங்க வாயால சொல்லாத தொழிலும் நடந்த இடம். இன்னிக்கு நீங்க சேமநிதியை உடைச்சுப் போய்ப் பார்க்கிற இடம்.

மாப்பிள்ளை மடிக்கணினியில் ஒரு கட்டத்தைத் திறந்து ஸ்பிட்டல்பெர்க் என்று தட்டினார். வாதத்தில் தோற்றதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல இடம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது, அவ்வளவுதான். மாமனார் வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

மாமனார்: இப்ப இந்தப் பால்கனியிலிருந்து கீழ பாருங்க. 1881-ல கோலாலம்பூர் ஒரு தடவை நெருப்புல போச்சு, அதே வருஷம் வெள்ளத்துலயும் போச்சு. அத்தாப்புக் குடிசை போதும், இனிமே செங்கல்லும் ஓடும்தான்னு பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவு போட்டார். அந்தச் செங்கல் சுட்ட சூளை இருந்த இடம் இது, அதனாலதான் பிரிக்பீல்ட்ஸ். ஊருக்கே செங்கல் கொடுத்த ஊர். 1905-ஐ ஒட்டி ரயில்வேக்காரங்களுக்கும் அரசாங்கச் சிப்பந்திங்களுக்கும் இங்க வரிசை வீடு கட்டினாங்க, நூறு குவார்ட்டர்ஸ்னு பேர். ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பக்கம் கேட்டா யாரும் கை காட்டுவாங்க. இப்ப அந்தக் கை காத்தைத்தான் காட்டும். நூறு வருஷ வீடு போச்சு. 2010-ல லிட்டில் இந்தியான்னு பெயர்ப்பலகை வந்தது, 2015 நவம்பர்ல சாஞ்சி ஸ்தூபி பாணியில தோரண வாயில் வந்தது. தோரணம் அழகுதான், குறை சொல்லல. ஆனா கல்யாண வீட்டை இடிச்சுட்டு வாசல்ல வாழைமரம் கட்டின மாதிரி இருக்கு.

மாப்பிள்ளை: மாமா, கோவிச்சுக்காதீங்க. ரயில்வே லயத்தையும் ரிங் சாலையையும் ஒரே தராசுல வெச்சா முள் உடைஞ்சிடும். அங்க பேரரசு, ஓபரா, அருங்காட்சியகம். இங்க நாலு சிப்பந்தி குடியிருந்த வரிசை வீடு. உலகம் எதைப் பார்க்க வரும்? இன்னொண்ணு, நீங்க சொல்ற வியன்னாவே இடிச்ச ஊர்தான். 1857-ல ஃபிரான்ஸ் யோசெஃப் பேரரசர் நகர மதிலை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். மதில் இருந்த இடம்தான் ரிங் சாலை. இடிக்காம இருந்திருந்தா என் மூணாம் நாள் பயணமே கிடையாது. அவங்க இடிச்சா சரித்திரம், நாம இடிச்சா பாவமா?

இது வலுவான ஆட்சேபம். மாமனாரும் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

மாமனார்: நல்ல கேள்வி. இடிக்கிறதே பாவம்னு நான் சொன்னா பொய் சொன்னதாயிடும். இடிச்ச இடத்துல யாருக்கு என்ன கிடைச்சதுன்னுதான் கணக்குப் பார்க்கணும். மதில் போன நிலத்துல ஒரு பங்கைத் தனியாருக்கு வித்தாங்க, மாளிகை கட்டினாங்க, அதையும் ஒத்துக்கறேன். ஆனா வித்த பணம் தனி நிதிக்குப் போய், அதுலதான் பொதுக் கட்டடம் பல எழுந்தது. 1862-ல நகரப் பூங்கா, 1869-ல ஓபரா, 1883-ல நகராட்சி மண்டபம், 1884-ல பல்கலைக்கழகம். காசில்லாதவனும் நடக்கலாம், உக்காரலாம். பிரிக்பீல்ட்ஸ்ல இடிச்ச இடத்துல நீங்களும் நானும் நடக்கணும்னா காவலாளிகிட்ட அடையாள அட்டை கொடுக்கணும். அடுத்தது பேரரசு, லயம். ரிங் சாலையைக் கட்டின செங்கல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊருக்குத் தெற்கே வீனர்பெர்க் சூளையிலிருந்து. சுட்டது யாரு? பொஹீமியா, மொராவியாவிலிருந்து பிழைக்க வந்த செக் ஜனங்க. கூலிக்குப் பதிலாத் தகர வில்லை கொடுத்தாங்க. அந்த வில்லை கம்பெனிக் கடையில மட்டும்தான் செல்லும், அங்க விலை ஜாஸ்தி. விக்டர் ஆட்லர்னு ஒரு டாக்டர் 1888-ல உள்ள புகுந்து பார்த்துப் பத்திரிகையில எழுதி ஊரையே தலைகுனிய வெச்சார். கங்காணிக் கடனும் தோட்டத்துக் கடையும் கேள்விப்பட்ட நமக்கு அந்தக் கதைக்கு உரை வேணாம். உங்க மூணாம் நாள் நடை முழுக்க லயத்து ஜனம் சுட்ட செங்கல்லுக்கு நடுவுலதான். அரண்மனையைப் பார்த்துட்டுச் சூளையைப் பார்க்கலேன்னா பாதி வியன்னாவுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கீங்க.

மாப்பிள்ளை: சரி, லயமும் வரலாறுதான், ஒத்துக்கறேன். ஆனா ஜனத்துக்கு வீடு வேணுமே மாமா. கே.எல். சென்ட்ரல் 2001-ல திறந்ததும் இந்த இடத்துக்குத் தங்க விலை. ரயில், எல்ஆர்டி எல்லாம் காலடியில. இந்த இடத்துல தாழ்வான வரிசை வீட்டை வெச்சுட்டு உக்காந்தா, வேலைக்குப் போறவன் ரவாங்குலயும் செமினியிலயும் வீடு வாங்கி ரெண்டு மணி நேரம் ஜாமுல நிப்பான். நான் இருபத்தோராவது மாடியில இருக்கறதாலதான் அரை மணியில ஆபீஸ் போறேன். பழசைக் காப்பாத்தறவங்க எல்லாம் சொந்த வீடு இருக்கிறவங்கதான்.

மாமனார்: கடைசி வாக்கியம் என்னைத்தான் குத்துது, வாங்கிக்கறேன். ஆனா வீடா பழசான்னு வியன்னா ஒரு காலத்துலயும் சீட்டுக் குலுக்கிப் போடல. 1927-லிருந்து 1930-க்குள்ள கார்ல் மார்க்ஸ் ஹோஃப்னு நகராட்சி கட்டின குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம், 1,382 வீடு. துணி துவைக்க இடம், குளியலறை, பாலர் பள்ளி, நூலகம் எல்லாம் உள்ளேயே. இன்னிக்கும் வியன்னாக்காரங்கள்ல பாதிப் பேர் நகராட்சி வீட்டுலயோ மானிய வீட்டுலயோதான் குடியிருக்காங்க. அந்தத் தொழிலாளர் குடியிருப்பையும் இப்ப சுற்றுலாக்காரன் போய்ப் பார்க்கிறான். அதுக்காக அங்க யாரும் உத்தமர்னு நினைக்காதீங்க. ஹோய்மார்க்ட்டுல 66 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்ட அனுமதி கொடுத்ததால 2017-ல யுனெஸ்கோ வியன்னாவின் மையப்பகுதியை ஆபத்துப் பட்டியல்ல போட்டுடுச்சு. ஆசை எல்லா ஊர்லயும் ஒரே உயரம்தான். இங்க நம்ம விவேகானந்தா ஆசிரமம், 1904-ல கட்டினது, அதே கதை: 2014-ல பக்கத்துலயே அடுக்குமாடி எழுப்பத் திட்டம் வந்தது. ஜனங்க கத்தினாங்க, கையெழுத்து வாங்கினாங்க. 2016-ல அதை மரபுடைமையா அரசிதழ்ல போட்டாங்க. நிக்குது. 2005-லேயே மரபுடைமைச் சட்டம் இருக்கிற நாடு இது. ஆசிரமத்துக்கு ஜனம் கேட்டுது, கிடைச்சுது. குவார்ட்டர்ஸுக்கு அந்த அளவு கேட்கல.

இந்த இடத்தில் எழுதுகிறவனும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பா போகும் குடும்பங்களைப் பார்த்துப் 'பவிசு' என்று சிரிப்பது சுலபம், பாதிதான் நியாயம். பனிக்காக ஏங்குவதில் கொஞ்சம் படம் காட்டும் ஆசை உண்டு. ஆனால் பழைய தெருவுக்காக ஏங்குவதில் உண்மையான பசி இருக்கிறது. தோட்டத்து லயம் வீட்டுமனைத் திட்டமாகி, ரயில்வே வீடு காலிமனையாகி, கடைவீடு கைபேசிக் கடையாகிப் போன ஒரு சமூகம், தாத்தா நடந்த தெரு எது என்று பிள்ளைக்குக் காட்ட முடியாதபோது, யாரோ ஒருவருடைய தாத்தா நடந்த தெருவையாவது காட்டலாம் என்று கிளம்புகிறது. வீட்டுச் சமையலை நிறுத்திவிட்டவர்கள் கடைச் சாப்பாட்டை மெச்சுவது போலத்தான். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை, சாப்பிடுகிறவர் மேலும் இல்லை. அடுப்பை அணைத்தது யார் என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். மாப்பிள்ளை அதையே கேட்டார், ஆனால் மாமனாரை நோக்கி.

மாப்பிள்ளை: மாமா, ஒரு சந்தேகம். கிள்ளான் அரச நகரம். 2024 பிப்ரவரியில மாநகர் அந்தஸ்தும் வந்தாச்சு. பிரிக்பீல்ட்ஸை விட உங்க ஊருக்குத்தான் வயசு ஜாஸ்தி. இப்பதான் தேடிப் பார்த்தேன்: ராஜா அப்துல்லா கட்டின கிடங்கு, 1857. என் ரிங் சாலைக்கு உத்தரவு போட்ட அதே வருஷம்! அதே வருஷம் அதே ராஜா அப்துல்லா 87 சுரங்கத் தொழிலாளிங்களைக் கிள்ளான் ஆத்து வழியா மேல அனுப்பித்தான் கோலாலம்பூரே தொடங்கியிருக்கு. ஈயத்துக்கு வரி யாருக்குங்கற சண்டையில அப்புறம் ஏழு வருஷ உள்நாட்டுப் போரும் நடந்திருக்கு. ஆக இந்த மொத்தப் பள்ளத்தாக்குக்கும் பிள்ளையார் சுழி போட்ட கட்டடம் உங்க வீட்டுலேருந்து எத்தனை தூரம்?

மாமனார்: இருக்கும்... ரெண்டு கிலோமீட்டர்.

மாப்பிள்ளை: கடைசியா எப்ப நின்னு பார்த்தீங்க?

மாமனார்: தெங்கு கிளானா சாலையில தீபாவளிக்குத் துணி எடுக்கப் போறப்ப அந்தப் பக்கமாத்தான் திரும்புவோம்.

மாப்பிள்ளை: திரும்பறது வேற, பார்க்கிறது வேற மாமா. ஸ்டெஃபான் தேவாலயத்து ஓட்டை எண்ணிச் சொல்றீங்க. உங்க ஊர்க் கிடங்குக்கு எத்தனை கதவு?

மாமனார் பதில் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் வியன்னாவைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் தூரத்து ஊரைப் புத்தகத்தில் காப்பாற்றுவது சுலபமான காரியம். பக்கத்துக் கட்டடத்தைக் காப்பாற்ற அதன் வாசலில் போய் நிற்க வேண்டும். போகிறவர் தம் ஊரைப் பார்க்காமல் போகிறார், போகாதவர் தம் ஊரைப் பார்க்காமலே இருக்கிறார். பயணச் செலவு ஒருவருக்கு மிச்சம் என்பதைத் தவிர இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பிட்டல்பெர்க்கில் அந்த இளைஞர்கள் செய்ததையெல்லாம் சுருக்கினால், தங்கள் தெருவிலேயே போய் உட்கார்ந்தார்கள் என்பதுதான் மிஞ்சும்.

மாமனார்: சரி, தோத்தேன்னு வெச்சுக்குங்க. வியன்னாவை வெட்ட வேணாம், பத்து நாளும் இருக்கட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் சேருங்க, பூஜ்யமாவது நாள்னு. காலையில ஆசிரமத்து வாசல், அப்புறம் குவார்ட்டர்ஸ் இருந்த இடம். அதுக்கப்புறம் கிள்ளான்: கிடங்கைச் சுத்தி ஒரு நடை, கதவை எண்ணுவோம், மத்தியானம் கிள்ளான் லிட்டில் இந்தியாவுல இலைச் சாப்பாடு. பிள்ளைங்க இதைப் பார்த்துட்டு ஸ்பிட்டல்பெர்க் போனா, அந்தச் சந்து ஏன் இன்னும் இருக்குன்னு அதுங்களே கேட்கும்.

மாப்பிள்ளை: நல்ல யோசனை மாமா. போட்டாச்சு, பச்சை நிறம். ஆனா ஒண்ணு... கிள்ளான்ல பார்க்கிங் கிடைக்குமா?

மாமனார்: ரிங் சாலையில அஞ்சு கிலோமீட்டர் நடக்கப் போற ஆளு கேக்கற கேள்வியா இது? கொம்யூட்டர்ல வந்தா ஸ்டேஷன்லேருந்து நடக்கிற தூரம்தான்.

மாப்பிள்ளை: அங்க குளிர்ல நடக்கலாம் மாமா. இங்க வெயில்ல எப்படி?

மாமனார் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். பிற்பகல் மணி இரண்டு. தோரண வாயிலுக்கு அடியில் ஒரு ஈ, காக்கை இல்லை.

மாமனார்: அதுவும் சரிதான். கிராப் போட்டுடலாம், வாசல்லயே இறக்கி விடுவான்.